நூறு மில்லியின் கணக்கு

நம்மூரில் ஒருவர் ஆஸ்பத்திரியில் ஒரு நாள் படுத்து எழுந்து வந்தால், "ரெண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துனாங்க" என்றுதான் வீட்டில் சொல்வார்கள். அந்தப் பாட்டிலில் வெறும் உப்புநீர் இருந்திருக்கலாம். ரிங்கர் லாக்டேட் இருந்திருக்கலாம். குளுக்கோஸ் ஒரு சொட்டுகூட இல்லாமலும் இருந்திருக்கலாம். ஆனாலும் கம்பியில் தொங்குகிற பாட்டில் எதுவானாலும் நமக்கு அது குளுக்கோஸ்தான். இந்தப் பேச்சுவழக்குக்குள் இரண்டு நம்பிக்கைகள் உட்கார்ந்திருக்கின்றன. பாட்டிலில் இருப்பது தெம்பு, ஆகவே எவ்வளவு ஏறினாலும் நல்லது என்பது ஒன்று. ஏற்றுவது ஆஸ்பத்திரிக்காரர் வேலை, வீட்டில் இருப்பவர் அதைத் தொடக்கூடாது என்பது இன்னொன்று. வயதான வீட்டுப் பூனைக்குத் தோலுக்கடியில் திரவம் ஏற்றும் முறையைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். இந்த விஷயத்தில் மேற்சொன்ன இரண்டு நம்பிக்கைகளுமே தப்பு. முதலாவது பூனையின் உயிரையே வாங்கக்கூடும். இரண்டாவது, அதற்குக் கிடைக்க வேண்டிய ஆறுதலைக் கிடைக்காமல் செய்துவிடும். தோலடித் திரவம் நோயைத் தீர்க்கும் மருந்து அல்ல, உடல் இழந்த தண்ணீருக்கு ஈடு. ஈடு என்றால் முதலில் இழப்பு இருக்க வேண்டும். அதன் அளவு தெரிய வேண்டும். அன்றாடம் நடக்கிற இழப்பு என்றால் ஈடும் அன்றாடம் பூனை வாழ்கிற இடத்திலேயே நடக்க வேண்டும். ஊசி குத்தும் கையைவிடக் கணக்குப் பார்க்கும் கண்தான் இதில் பெரிது. இதுவே என் வாதம்.

பூனையின் சிறுநீரகத்திலிருந்து தொடங்குவோம். வீட்டுப் பூனையின் மூதாதை, வட ஆப்பிரிக்காவிலும் மேற்காசியாவிலும் வறண்ட நிலங்களில் திரிந்த காட்டுப்பூனை. தண்ணீரைத் தேடி அலையாமலே பிழைக்கத் தெரிந்த இனம் அது. எலியின் உடம்பில் ஏறக்குறைய 70 சதவீதம் தண்ணீர். எலியைத் தின்றால் சாப்பாட்டோடு தண்ணீரும் வந்துவிடும். வந்த தண்ணீரை வீணாக்காமல், கழிவை மட்டும் கெட்டியான சிறுநீராக வெளியேற்றும் சிறுநீரகம் அதற்கு வாய்த்திருந்தது. அதனால் தாகம் அதிகம் எடுக்காத பிராணியாகவே பூனை நம் வீட்டுக்குள் வந்தது. நாம் இன்று பையிலிருந்து கொட்டும் உலர்தீனியில் தண்ணீர் 10 சதவீதத்துக்கு மேல் இருப்பதில்லை. 4 கிலோ எடையுள்ள பூனைக்கு, சாப்பாட்டில் வருவதையும் சேர்த்து நாளொன்றுக்குச் சுமார் 200 மில்லி தண்ணீர் தேவை. 60 கிராம் உலர்தீனியிலிருந்து அதற்குக் கிடைப்பது 6 மில்லிதான். மிச்சம் முழுவதையும் அது கிண்ணத்திலிருந்து குடித்தாக வேண்டும். சிறுநீரகம் நன்றாக இருக்கும்வரை, குறைத்துக் குடித்தாலும் சமாளித்துக்கொள்ளும். அது தளரும்போதுதான் சிக்கல் ஆரம்பமாகிறது.

மனிதரின் ஒரு சிறுநீரகத்தில் நெஃப்ரான் எனப்படும் நுண்வடிகட்டிகள் ஏறக்குறைய 10 லட்சம் உண்டு. பூனைக்கு ஒரு சிறுநீரகத்தில் 2 லட்சம் அளவுக்குத்தான். செத்த நெஃப்ரான் திரும்ப முளைப்பதில்லை. மிஞ்சியவை கூடுதல் பாரத்தைச் சுமக்கின்றன. நாட்பட்ட சிறுநீரக நோயில் முதலில் போவது, சிறுநீரைக் கெட்டியாக்கும் திறமை. நல்ல பூனையின் சிறுநீர் அடர்த்தி எண் 1.035-க்கு மேல் இருக்கும். நோய் முற்றியதில் அது 1.010 பக்கம் வந்து நின்றுவிடும். ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் என்ற கழிவின் அளவு தெளிவாக ஏறுவதற்குள் வடிகட்டும் திறனில் ஏறக்குறைய முக்கால் பங்கு போயிருக்கும். ஆனால் வீட்டில் கண்ணைத் திறந்து வைத்திருப்பவருக்கு அதற்கு முன்பே தெரியக்கூடிய அடையாளங்கள் உண்டு. காலையில் நிரப்பிய தண்ணீர்க் கிண்ணம் மத்தியானமே காலியாகிறது. மணல் தட்டில் அள்ளும் கட்டிகள் வரவரப் பெரிதாகின்றன. முதுகெலும்பு கைக்குத் தட்டுப்படுகிறது. தண்ணீர் குடிக்கிறதே, நல்லதுதானே என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் குடிப்பதைவிட அதிகம் போய்க்கொண்டிருக்கிறது. உடலில் நீர் வற்றினால் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் குறையும், கழிவு தேங்கும், தேங்கிய கழிவு குமட்டலைத் தரும், குமட்டும் பூனை சாப்பிடாது, குடிக்காது, மேலும் வற்றும். குடல் தன் பங்குக்குத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்வதால் மலம் கல்லாகும். சிறுநீரோடு பொட்டாசியமும் போய்விடுவதால் தசை தளர்ந்து, சில பூனைகள் கழுத்தை நிமிர்த்த முடியாமல் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்கும்.

இந்த நிலையில் பூனையை ஆஸ்பத்திரியில் இரண்டு மூன்று நாள் வைத்து நரம்பு வழியாகத் திரவம் ஏற்றினால் அது தெளிந்து எழுந்துகொள்வதைப் பார்க்கலாம். வீட்டுக்கு வந்த ஒரு வாரத்தில் பழையபடி சோர்ந்து படுத்துவிடும். வைத்தியம் தோற்றுவிட்டது என்று இதற்கு அர்த்தமில்லை. ஓட்டைக் குடத்தை ஒரு தடவை நிரப்பிவிட்டு, நாளைக்கும் நிறைந்தே இருக்கும் என்று எதிர்பார்த்தது நம் தப்பு. ஓட்டையை அடைக்க வழியில்லை. செத்த நெஃப்ரான்களை உயிர்ப்பிக்க யாராலும் முடியாது. அன்றாடம் ஒழுகுவதை அன்றாடமோ, இரண்டு நாளைக்கு ஒரு முறையோ ஊற்றி நிரப்பலாம், அவ்வளவுதான். அதற்காக மாதக்கணக்கில், ஏன் வருஷக்கணக்கில், பூனையைக் கூடையில் அடைத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு அலைய முடியாது. இப்படித்தான் வேலை தானாகவே வீட்டுக்கு வந்து சேர்கிறது. வீட்டில் செய்வது செலவுக்குப் பயந்து தேடிய குறுக்குவழி என்று பலர் நினைக்கிறார்கள். நோயின் சுபாவமே அன்றாடம் என்பதால்தான் சிகிச்சையும் வீட்டுக்கு வந்தது.

தோலுக்கடியில் ஏற்றுவது பூனைக்காகக் கண்டுபிடித்த தந்திரம் அல்ல. காலராவால் வற்றிக் கிடந்த மனிதர்களுக்காகத் தோன்றிய முறை. 1832இல் ஸ்காட்லாந்தின் லீத் நகரில் தாமஸ் லட்டா என்ற மருத்துவர் காலரா நோயாளிகளுக்கு நரம்பு வழியாக உப்புநீர் செலுத்தினார். 1865இல் இத்தாலிய மருத்துவர் அர்னால்டோ கன்டானி, காலராவுக்கே தோலடி வழியைக் கையாண்டார். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் ஆஸ்பத்திரிகளில் இது சர்வசாதாரணமாக இருந்தது. 1950களில் பேர் கெட்டுப்போய் ஓரங்கட்டப்பட்டது. கெட்டதற்குக் காரணம் வழி அல்ல, வழியில் அனுப்பிய சரக்கு. உப்பே இல்லாத குளுக்கோஸ் கரைசலையும், ரத்தத்தைவிடக் கெட்டியான கரைசல்களையும் தோலடியில் ஊற்றினார்கள். உப்பில்லாத நீர் அங்கே குளமாகத் தேங்கினால், ரத்தத்திலுள்ள சோடியமும் குளோரைடும் அந்தக் குளத்துக்குள் இறங்கும். அவற்றின் பின்னாலேயே தண்ணீரும் இறங்கும். ரத்தத்துக்குக் கொடுக்கப் போன இடம் ரத்தத்திலிருந்து பறிக்கிற இடமாகிவிடும். ஏற்கெனவே வற்றிய நோயாளி அதிர்ச்சி நிலைக்குப் போய்விடுவார். ரத்தத்தின் உப்புக்கு ஒத்த கரைசலைப் பயன்படுத்தினால் இந்த ஆபத்து இல்லை என்று தெளிந்த பிறகு, முதியோர் மருத்துவத்திலும், குணமாகாத நோயாளிகளுக்கான ஆறுதல் சிகிச்சையிலும் இதே முறை மறுபடியும் இடம் பிடித்தது.

ஆகவே பாட்டிலில் என்ன இருக்கிறது என்பது சில்லறைக் கேள்வி அல்ல. 1880களில் லண்டனில் சிட்னி ரிங்கர் என்ற மருத்துவர், தவளையின் இதயத்தை உடலுக்கு வெளியே துடிக்கவைக்கும் கரைசலைத் தேடினார். காய்ச்சி வடித்த நீரில் உப்பைக் கரைத்தபோது துடிப்பு நிலைக்கவில்லை. குழாய்த் தண்ணீரில் கரைத்தபோது நிலைத்தது. குழாய்த் தண்ணீரில் இருந்த சுண்ணாம்புச்சத்துதான் வித்தியாசம் என்று கண்டுபிடித்தார். 1930களில் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அலெக்சிஸ் ஹார்ட்மன் அதோடு லாக்டேட்டைச் சேர்த்தார். இன்று மருந்துக்கடையில் ஆர்.எல். என்று கேட்டால் எடுத்துத் தரும் 500 மில்லி பாட்டில் அதுதான். சோடியம், குளோரைடு, பொட்டாசியம், கால்சியம் எல்லாம் ரத்தத்துக்கு அருகிலான அளவில் அதில் இருக்கின்றன; கூடவே லாக்டேட்டும் உண்டு. பூனைக்குத் தோலடியில் பெரும்பாலும் எழுதிக்கொடுப்பது இதையே. என்.எஸ். எனப்படும் நார்மல் சலைனில் லிட்டருக்கு 9 கிராம் உப்பு மட்டும் உண்டு. சில நேரங்களில் மருத்துவர் அதையும் தேர்ந்தெடுப்பார். பக்கத்திலேயே, பார்வைக்கு அச்சாக அதே மாதிரி இருக்கும் 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் பாட்டில், அதாவது நிஜமான குளுக்கோஸ், தோலடிக்கு ஆகாது. 1950களில் நடந்த தப்பை ஒரு பூனையின் முதுகில் திரும்பச் செய்வதாகும் அது. "பூனைக்கு ஏத்த ஒரு குளுக்கோஸ் பாட்டில் குடுங்க" என்று கடையில் கேட்பவருக்குக் கடைக்காரர் கேட்டதையே கொடுத்துவிடக்கூடும். நம் பேச்சுவழக்கில் எங்கே ஆபத்து இருக்கிறது என்று தொடக்கத்தில் சொன்னேனே, அது இந்த இடம்தான்.

செய்முறையைச் சற்றுக் கிட்டே போய்ப் பார்ப்போம். அச்சத்தில் பாதி, பார்க்காததால் வருவது. பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீர்ப் பாத்திரத்தில் கொஞ்ச நேரம் நிறுத்திவைப்பார்கள். பூனையின் உடல்சூடு 38 முதல் 39 டிகிரி செல்சியஸ். குளிர்ந்த திரவம் இறங்கினால் அது நெளிந்து ஓடப் பார்க்கும். சொட்டை மணிக்கட்டின் உட்புறம் விட்டால் சூடும் தெரியக்கூடாது, சில்லிப்பும் தெரியக்கூடாது. டிரிப் செட்டைச் செருகி, குழாயிலிருந்த காற்றை வெளியேற்றி, பாட்டிலை ஜன்னல் கம்பியிலோ ஆணியிலோ உயரமாக மாட்டுவார்கள். உயரம் கூடினால் ஓட்டம் கூடும். ஊசி 18 முதல் 20 கேஜ் வரை. கேஜ் எண் ஏற ஏற ஊசி மெலிதாகும். மெலிந்த ஊசிதான் இரக்கம் என்று முதலில் தோன்றும். ஆனால் மெலிந்த ஊசியில் திரவம் சொட்டுச் சொட்டாக இறங்கும். குத்திய கணத்தைப் பொறுத்துக்கொண்ட பூனை, நீண்ட காத்திருப்பைப் பொறுக்காது. இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவே தளர்ந்திருக்கும் தோலைக் கூடாரம் போலத் தூக்கிப் பிடித்து, அதன் அடிவாரத்தில், முதுகுக்கு இணையாக ஊசியைச் செலுத்துவார்கள். ரோமம் நனைந்தால் ஊசி மறுபக்கம் வெளியே வந்துவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம். குழாயில் வந்த சிறு காற்றுக்குமிழ் தோலுக்கடியில் போனாலும் கெடுதல் இல்லை. அது நரம்பு அல்ல. ஓட்டம் சரியாக இருந்தால் 100 மில்லி சில நிமிடங்களில் இறங்கிவிடும். முதுகில் சின்னத் திமில் போல வீக்கம் எழும். புவியீர்ப்பில் அது ஒரு முன்காலின் பக்கமாகச் சரியும். சில மணி நேரத்தில் கரைந்து உடலில் சேரும். மறுநாளும் அந்த வீக்கம் அப்படியே இருந்தால் உடல் அதை ஏற்றுக்கொள்ளவில்லை என்று பொருள். அடுத்த பாட்டிலை மாட்டுவதற்கு முன் மருத்துவரைக் கேட்க வேண்டிய நேரம் அது. ஒவ்வொரு முறையும் புது ஊசி. பாட்டிலில் கலங்கலோ மிதவையோ தெரிந்தால், மிச்சம் எவ்வளவு இருந்தாலும் குப்பைக்கு.

இனி மறுப்புகளுக்கு வருவோம். படிக்காதவர் கையில் ஊசியைக் கொடுப்பது ஆபத்து என்பது முதல் மறுப்பு. நீரிழிவுக்காரர் தன் வயிற்றில் தானே இன்சுலின் போட்டுக்கொள்வதை நம் சமூகம் ஏற்றுக்கொண்டு பல காலம் ஆயிற்று. சிறுநீரகம் செயலிழந்த மனிதர்கள் வயிற்றுவழி டயாலிசிஸை வீட்டிலேயே செய்துகொள்கிறார்கள். தோலடித் திரவம் இவை இரண்டையும்விடப் பிழை பொறுக்கும் வேலை. நரம்பைத் தேட வேண்டியதில்லை, துல்லியமான இடம் தேவையில்லை. ஆஸ்பத்திரிப் பயணத்தின் விலையையும் எடைபோட வேண்டும். கூடை, வண்டிச் சத்தம், நாய்க் குரைப்பு எல்லாம் சேர்ந்து பூனையைக் கலங்கடிக்கும். பயத்தினாலேயே அதன் ரத்த அழுத்தமும் ரத்தச் சர்க்கரையும் ஏறுவது கால்நடை மருத்துவர்கள் அன்றாடம் பார்ப்பது. சிறுநீரக நோயுள்ள பூனைகளுக்கு வீட்டிலேயே திரவம் ஏற்றுபவர்களிடம் கருத்துக் கேட்டு 2018இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அவர்களில் பெரும்பாலோர் அனுபவத்தைச் சாதகமாகவே மதிப்பிட்டிருந்தார்கள். செய்துகொண்டிருப்பவர்களிடம் மட்டும் கேட்டால், முயன்று கைவிட்டவர்களின் குரல் குறைவாகத்தான் கேட்கும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் எல்லோராலும் முடியும் என்று நான் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு தடவை பார்த்து, இரண்டாவது தடவை மருத்துவர் கண்முன் தானே செய்து பழகினால், பலராலும் முடியும் என்றுதான் சொல்கிறேன்.

இரண்டாவது மறுப்பு கனமானது: இதனால் பூனையின் ஆயுள் கூடுகிறது என்பதற்குச் சான்று எங்கே? சிறுநீரகத்துக்கான தனி உணவுக்குச் சான்று இருக்கிறது. 2000இல் லண்டன் ராயல் கால்நடைக் கல்லூரியிலிருந்து வந்த ஆய்வில், அந்த உணவை ஏற்றுக்கொண்ட பூனைகளின் ஆயுள் இடைநிலை 633 நாள்; பழைய உணவிலேயே இருந்தவற்றுக்கு 264 நாள். 2006இல் அமெரிக்காவின் மினசோட்டாவிலிருந்து வந்த 45 பூனைகளின் ஆய்விலும், தனி உணவு தின்ற பூனைகளில் ஒன்றுகூட இரண்டு ஆண்டுகளில் சிறுநீரகக் கோளாறால் சாகவில்லை. வீட்டில் நீண்டகாலம் ஏற்றும் தோலடித் திரவத்துக்கு இந்த வகையான சான்று கிடையாது. இதை மறைத்துப் பேசினால் நான் பாட்டில் விற்பவனாகிவிடுவேன். அப்படியிருந்தும் 2016இல் சர்வதேசப் பூனை மருத்துவச் சங்கம் வெளியிட்ட வழிகாட்டுதல், நீர்வற்றலைச் சரிசெய்வதை முக்கியமாகச் சொல்லி, தோலடித் திரவத்துக்கும் அதில் இடம் கொடுத்தது. தாகத்தைத் தணிப்பது ஆயுளை நீட்டித்தால்தான் தகும் என்று நாம் யாருக்கும் விதி வைப்பதில்லை. குமட்டல் அடங்கி, மலம் இளகி, பூனை மறுபடி சாப்பாட்டுத் தட்டை நோக்கி நடந்தால் அதுவே பலன். ஆயுளுக்குச் சான்று இல்லாததால் ஒரு கட்டுப்பாடும் பிறக்கிறது. நீர்வற்றல் இல்லாத பூனைக்கு, வருமுன் காப்பதாக எண்ணி இதைச் செய்ய ஒரு காரணமும் இல்லை. சர்வதேச சிறுநீரக ஆர்வலர் குழு வகுத்த படிநிலைகளில், பூனைக்கு ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் கிரியாட்டினின் 2.9 மில்லிகிராம் ஆகும்போது மூன்றாம் நிலை தொடங்குகிறது. 5-ஐத் தாண்டினால் நான்காம் நிலை. திரவம் பெரும்பாலும் இந்தப் பிற்பட்ட நிலைகளில், வற்றல் கண்ணுக்கும் கைக்கும் தெரிகிற பூனைகளுக்கே உரியது. ஆரம்ப நிலையில் கையில் எடுக்க வேண்டியது ஊசியை அல்ல, உணவுத் தட்டை.

மூன்றாவது, மறுப்பு அல்ல, அதற்கு நேரெதிரான அதீத நம்பிக்கை: தண்ணீர்தானே, கூடப் போனால் என்ன? வீட்டில் நடக்கும் பெரும்பாலான விபத்துகளின் வேர் இதுவே. 4 கிலோ பூனைக்கு 100 மில்லி என்பது, 60 கிலோ மனிதருக்கு ஒன்றரை லிட்டரைக் கொடுப்பதற்குச் சமம். அந்த 100 மில்லி ரிங்கர் லாக்டேட்டில் சுமார் 300 மில்லிகிராம் சோடியமும் கூடவே போகிறது. பூனைகளில் இதயத்தசை தடிக்கும் நோய் ஏறக்குறைய ஏழில் ஒன்றுக்கு இருக்கிறது; அவற்றில் பல வெளியே ஓர் அறிகுறியும் காட்டாமல் திரிபவை. அத்தகைய இதயம் கூடுதல் பளுவைத் தாங்காமல் தடுமாறினால், ஏற்றிய நீர் நுரையீரலிலும் மார்புக்கூட்டிலும் போய்ச் சேரும்; பூனை மூச்சுத் திணறிச் சாகும். இதைக் கண்டுபிடிக்க வீட்டில் ஒரு கருவியும் வேண்டாம். தூங்கும் பூனையின் விலா எழுவதைக் கடிகாரம் பார்த்து ஒரு நிமிடம் எண்ணினால் போதும். 30-க்குள் இருப்பது இயல்பு; அதைத் தாண்டினால் அன்றைய பாட்டிலை மாட்டாமல் மருத்துவரைக் கூப்பிட வேண்டும். இன்னும் இரண்டு இடங்களில் ஊசி கூடவே கூடாது. ஆண் பூனை மணல் தட்டுக்குத் திரும்பத் திரும்பப் போய் முக்கி, ஒரு சொட்டும் வராமல் திரும்பினால், சிறுநீர்ப்பாதை அடைத்திருக்கலாம்; வழி அடைத்த பூனைக்குத் திரவம் ஏற்றுவது அணையின் மதகை மூடிவிட்டு ஏரிக்கு நீர் விடுவது போலாகும். அது மணிக்கணக்கில் உயிர் போகிற அவசரம். உடம்பு சில்லிட்டுத் துவண்டு கிடக்கும் பூனைக்கும் தோலடி வழி உதவாது. அந்நிலையில் தோலுக்கு ரத்த ஓட்டமே குறைந்துவிடுவதால், ஊற்றியது ஊற்றிய இடத்திலேயே நிற்கும். அதற்கு நரம்புவழிதான், ஆஸ்பத்திரிதான்.

வாய்வழியாகவே தண்ணீர் கொடுத்தால் என்ன என்ற நான்காவது கேள்வி, எல்லாவற்றிலும் நியாயமானது. முடிந்தவரை அப்படித்தான் கொடுக்க வேண்டும். ஈர உணவில் 75 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். 4 கிலோ பூனை நாளைக்கு 200 கிராம் ஈர உணவு தின்றால் 150 மில்லி தண்ணீர் சத்தமில்லாமல் உள்ளே போய்விடும். மீன் வேகவைத்த தண்ணீரை உப்பில்லாமல் ஊற்றிக் கொடுக்கலாம். ஆனால் குழம்பிலிருந்து எடுக்கக்கூடாது; வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. சாப்பிட மறுக்கும் பூனைக்குக் கழுத்துப் பக்கமாக உணவுக்குழாயில் ஒரு டியூபைப் பொருத்தி, அதன் வழியாக உணவு, மருந்து, தண்ணீர் மூன்றையும் கொடுப்பது தோலடி ஊசியைவிடச் சிறந்தது. அதில் கொடுக்கும் தண்ணீர் வெறும் தண்ணீர்தான். கூடவே சோடியம் சுமை வருவதில்லை. நான் ஊசியின் வழக்கறிஞராக வரவில்லை. வாய்வழி போதாதபோது, டியூப் பொருத்த மயக்கமருந்து தாங்காதபோது, அல்லது வீட்டாருக்கு அது இயலாதபோது, தோலடித் திரவம் அடுத்த வழி. வரிசையில் அதன் இடம் தெரிந்தால்தான் அதை ஒழுங்காகப் பயன்படுத்த முடியும்.

சாகப்போகும் பிராணியை நாள்தோறும் குத்தி இழுத்தடிப்பது யாருக்காக என்று கேட்பவர்கள் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் இதற்குக் கொள்கையளவில் ஒரு பதில் கிடையாது. அந்தந்தப் பூனையிடமிருந்துதான் பதில் வர வேண்டும். பூனை பேசாது என்பதால், அதன் சார்பாக ஒரு நோட்டுப் புத்தகம் பேச வேண்டும். வாரம் ஒரு முறை எடை, தினமும் சாப்பிட்ட அளவு, தூக்கத்தில் மூச்சு எண்ணிக்கை, மணல் தட்டின் நிலவரம், ஏற்றிய மில்லி, ஊசியைப் பார்த்ததும் பூனை என்ன செய்தது என்பது: இவ்வளவு எழுதினால் போதும். இரண்டு வாரம் கழித்து அந்தப் பக்கங்களோடு மருத்துவரிடம் போய், ரத்தமும் பொட்டாசியமும் ரத்த அழுத்தமும் பார்த்து, தொடர்வதா, குறைப்பதா, நிறுத்துவதா என்று முடிவெடுக்க வேண்டும். ஏற்றிய மறுநாள் பூனை எழுந்து தன்னை நக்கிச் சுத்தம் செய்துகொண்டால், வாசலில் வெயிலுக்குப் போய்ப் படுத்தால், ஊசி தன் வேலையைச் செய்கிறது. பாட்டிலை எடுக்கும் ஓசை கேட்டதும் கட்டிலுக்கடியில் ஓடி ஒளிந்து, ஏற்றிய பிறகும் சாப்பிடாமல், எடையும் இறங்கிக்கொண்டே போனால், நாம் ஈடு செய்துகொண்டிருப்பது பூனையின் தாகத்தையா, நம் மனவேதனையையா என்று யோசிக்க வேண்டும். நிறுத்துவது தோல்வி அல்ல. அதுவும் கணக்கில் ஒரு வரி.

மனிதருக்கே வைத்தியம் எட்டாத நாட்டில் பூனைக்கு இவ்வளவா என்ற குரலையும் விட்டுவிடக்கூடாது. பூனைக்கு மாட்டும் ஒரு பாட்டிலால் மனிதர் எவருக்கும் பாட்டில் குறைந்துவிடுவதில்லை. இதன் செலவில் பெரும்பங்கு பணமும் அல்ல, வீட்டாரின் நேரம். ஆனால் அந்தக் குரலுக்குள் ஒரு நியாயம் இருக்கிறது: பூனையின் நலம் இன்னொரு மனிதரின் உடம்பில் காயமாக முடியக்கூடாது. நாளுக்கொரு ஊசி என்றால் மாதத்துக்கு 30 ஊசி. அவற்றைக் குப்பைப் பையில் சுருட்டிப் போட்டால், நம் தெருவில் குப்பையைக் கையால் பிரிக்கும் தூய்மைப் பணியாளரின் விரலில்தான் அது ஏறும். தடித்த பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடிவைத்து, நிறைந்ததும் கால்நடை ஆஸ்பத்திரியிலேயே ஒப்படைப்பதுவரை இந்தச் சிகிச்சையின் பகுதிதான். அதைச் செய்ய மனமில்லாதவர் ஊசியைத் தொடக்கூடாது.

இதுவரை வீட்டாரைப் பார்த்துப் பேசினேன். முடிக்கும்போது மருத்துவர்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டுக்குத் திரவம் எழுதிக்கொடுக்கும்போது "தினம் நூறு மில்லி ஏத்துங்க" என்று வாயால் சொல்லி அனுப்பாதீர்கள். வீட்டார் பதற்றத்தில் இருக்கிறார்கள்; பாதி காதில் விழாது, விழுந்ததும் வீடு சேர்வதற்குள் குளுக்கோஸாக மாறிவிடும். ஒரு தாளில் ஐந்து வரி எழுதிக் கொடுங்கள். எந்தக் கரைசல், அதன் முழுப் பெயரோடு. எத்தனை மில்லி, எத்தனை நாளைக்கு ஒரு முறை. எந்த அறிகுறி தெரிந்தால் அன்றைக்கு ஏற்றக்கூடாது. எந்தத் தேதியில் திரும்பவும் ரத்தம் பார்க்க வேண்டும். ஐந்தாவது வரி, என்ன நடந்தால் இதை ஒரேயடியாக நிறுத்திவிடலாம் என்பது. முதல் நான்கையும் வீட்டாரே கேட்டு வாங்கிக்கொள்வார்கள். ஐந்தாவதைக் கேட்க அவர்களுக்கு வாய் வராது. ஆகவே அதை நீங்களே எழுதிவிடுங்கள்.